பழைய துணியும் மிச்ச நூலும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: பீரோவில் ஒரு மூட்டை பழைய துணி இருக்கிறது, டப்பாவில் மிஞ்சிப்போன கம்பளி நூல் உருண்டைகள் இருக்கின்றன. தையல் மெஷின் கிடையாது, குரோஷே தெரியாது. தூக்கிப்போட மனசு வரவில்லை. கையாலேயே சுலபமாக என்னவெல்லாம் செய்யலாம்?

நிறையச் செய்யலாம். ஆனால் ஆரம்பிக்கிற இடம் முக்கியம். பலர் அழகான ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இதைத்தான் செய்யப்போகிறேன்" என்று முடிவு பண்ணிக்கொண்டு, அப்புறம்தான் மூட்டையை அவிழ்த்துத் துணி தேடுகிறார்கள். கைக்கு வந்த துணி அந்த வேலைக்கு ஒத்துவராது. ஒன்று, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரியும். இல்லாவிட்டால் இழுத்த இழுப்புக்குக் கோணிக்கொள்ளும். இரண்டு நாளில் எல்லாம் மறுபடி மூட்டைக்கே போய்விடும். அதனால் முதலில் துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெட்டினால் அது என்ன ஆகும், இழுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டால், என்ன செய்யலாம் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மூட்டையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சட்டை, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, ஜீன்ஸ் எல்லாம் நெய்த துணி. நீளவாக்கில் பாவு நூலும் குறுக்குவாக்கில் ஊடை நூலும் போயிருக்கும். வெட்டினால் ஓரம் பிசிறடிக்கும். நேராக இழுத்தால் அவ்வளவாக நீளாது, மூலைக்கு மூலை இழுத்தால்தான் கொஞ்சம் கொடுக்கும். டி-ஷர்ட், பனியன், லெக்கிங்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் பின்னலாடை. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போயிருக்கும், அதனால் நன்றாக நீளும். மெல்லிய டி-ஷர்ட் துணியை வெட்டினால் பிசிறு வராது, ஓரம் சுருண்டுகொள்ளும். கையால் பின்னுகிற வேலைக்கு இந்தச் சுருள்தான் பெரிய வரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

துணி எந்த இழை என்பதையும் பார்த்துவிடுங்கள். சட்டைக்குள் இருக்கும் லேபிள் கிழிந்து போயிருந்தால், ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு எவர்சில்வர் தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைகள் தள்ளியே நிற்கட்டும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டாலே உதிரும். ஆட்டுக் கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், கரி விரலில் நொறுங்கும். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகி, ஆறியதும் கெட்டியான மணி மாதிரி நிற்கும். இந்தச் சோதனை வீண் வேலை இல்லை. சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற துணியை அக்ரிலிக் நூலிலோ பாலியெஸ்டரிலோ செய்தால், அது உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். சூடு படுகிற எதற்கும் பருத்தியோ அசல் கம்பளியோதான். அதே மாதிரி, ஈரம் துடைக்கிற துணிக்குப் பாலியெஸ்டர் உதவாது, தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும்.

கடைசியாக ஒன்று: துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அக்குள், முழங்கை, முட்டி, உட்காரும் இடம் எல்லாம் சல்லடையாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கிழிகிற இடத்தை இப்போதே வெட்டி எறிந்துவிடுங்கள். மிச்சத்தைத் துவைத்துக் காயவைத்துவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொட வேண்டும்.

சரி, முதல் வேலை. எதுவுமே தெரியாதவருக்கு நான் எப்போதும் சொல்வது டி-ஷர்ட்டிலிருந்து நூல் எடுப்பதைத்தான். ஒரு டி-ஷர்ட் முழுவதையும் ஒரே நீளப் பட்டையாக, நடுவில் அறுக்காமல் எடுத்துவிடலாம்.

டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே நேராக வெட்டி மேல் பாகத்தை எடுத்துவிடுங்கள். அடியில் இருக்கும் மடிப்புத் தையலையும் வெட்டிவிடுங்கள். இப்போது இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய் இருக்கும். அதன் ஒரு பக்கவாட்டு ஓரத்தைத் தூக்கி மறு ஓரத்தை நோக்கி மடியுங்கள். முழுவதும் மூட வேண்டாம், மேல் ஓரமாக 4 செ.மீ. துணி வெளியே தெரியட்டும். கீழே இருக்கும் மடிப்பிலிருந்து மேல்நோக்கி, 4 செ.மீ. அகலத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வெட்டும் மடித்த பகுதியைத் தாண்டி, வெளியே தெரியும் அந்த 4 செ.மீ.க்குள் கொஞ்சமாக நுழைந்து நின்றுவிட வேண்டும். அதை முழுவதும் அறுத்துவிட்டால் தனித்தனி வளையங்கள் ஆகிவிடும்.

பிரித்துப் பார்த்தால், ஒரு முதுகெலும்பில் வளையம் வளையமாகத் தொங்கும். அந்த முதுகெலும்பை முன்கையில் மாட்டி விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வெட்டுகள் எதிரெதிரே தெரியும். எதிரெதிரான வெட்டுகளை இணைத்து நேராக வெட்டினால் வளையம்தான் வரும். அதனால் முதல் வெட்டைத் துணியின் ஓரத்திலிருந்து சாய்வாக வெட்டித் தொடங்குங்கள். அப்புறம் இந்தப் பக்கத்து முதல் வெட்டிலிருந்து அந்தப் பக்கத்து இரண்டாவது வெட்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று சாய்வாகவே போக வேண்டும். எல்லாம் ஒரே பட்டையாகக் கழன்று வரும். பிறகு அதை ஒரு கை நீளமாகப் பிடித்து இழுத்து இழுத்து விடுங்கள். ஓரங்கள் சுருண்டு, தட்டையாக இருந்த பட்டை உருண்டைக் கயிறாகிவிடும். குறுக்குவாட்டில் வெட்டிய டி-ஷர்ட் துணி, இழுத்தால் எப்போதும் நல்ல பக்கத்தை நோக்கியே சுருளும். அதனால் முன்னால் அச்சடித்த படமோ எழுத்தோ பெரும்பாலும் உள்ளே போய் மறைந்துகொள்ளும், உள்பக்கத்து வெறும் நிறம்தான் வெளியே தெரியும். படம் போட்ட டி-ஷர்ட் என்று ஒதுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பக்கவாட்டில் தையல் இல்லாத டி-ஷர்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. தையல் இருந்தால் சுற்றுக்கு இரண்டு சின்ன முடிச்சு மாதிரித் தட்டுப்படும், அவ்வளவுதான்.

இந்தக் கயிறு இருந்தால் கால்மிதி செய்யலாம். மூன்று டி-ஷர்ட் போதும். கணக்குச் சொல்கிறேன். 50 செ.மீ. அகல டி-ஷர்ட்டில் ஒரு சுற்று என்பது 1 மீட்டர். அக்குளுக்குக் கீழே 40 செ.மீ. உயரம் கிடைத்தால், 4 செ.மீ. பட்டையாக 10 சுற்று, அதாவது 10 மீட்டர் வரும். மூன்று டி-ஷர்ட்டின் பட்டைகளையும் சேர்த்து மூன்று கால் ஜடை போடுகிற மாதிரியே பின்னினால், பின்னலில் கால்வாசிக்கு மேலே நீளம் குறையும். சுமார் 7 மீட்டர் நீளத்தில், 2 செ.மீ. அகலப் பின்னல் கிடைக்கும். 40 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கால்மிதிக்குத் தேவையான பின்னல் 6 மீட்டர் சொச்சம். ஓரம் முடிக்க மிச்சமும் இருக்கும். ஜடை போடத் தெரிந்த யாருக்கும் இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. மூன்று நுனியையும் ஊக்கால் சேர்த்து, கனமான எதிலாவது மாட்டி, இறுக்கம் ஒரே மாதிரி இருக்கும்படி பின்னிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அடுத்தது சுருட்டித் தைப்பது. கவனம் எல்லாம் இங்கேதான் வேண்டும். மேசையில் தட்டையாக வைத்து, பின்னலை நத்தை ஓடு மாதிரிச் சுற்றி, பக்கத்துப் பக்கம் இருக்கும் இரண்டு பின்னலின் உள் வளையங்களைக் கோணி ஊசியில் கோத்த கெட்டியான பருத்தி நூலால் மாற்றி மாற்றிக் கோத்து இழுக்க வேண்டும். நான் முதலில் செய்த கால்மிதியைக் கையில் தூக்கிப் பிடித்துத்தான் தைத்தேன். முடித்துத் தரையில் போட்டால் கிண்ணம் மாதிரி எழும்பி நின்றது. பாதியைப் பிரித்து, மேசைமேல் வைத்துத் தைத்த பிறகுதான் அது தரையில் படிந்து உட்கார்ந்தது. காரணம் எளிமையானது. ஒவ்வொரு புதுச் சுற்றுக்கும், முந்தின சுற்றைவிடப் பின்னலின் அகலத்தைப்போல ஆறு மடங்குக்குச் சற்று மேலே கூடுதல் நீளம் தேவை. 2 செ.மீ. பின்னல் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 12.5 செ.மீ. கூடுதல். வட்டம் சின்னதோ பெரிதோ, இந்தக் கணக்கு மாறாது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் அந்தக் கூடுதல் கிடைக்காமல் விளிம்பு மேலே தூக்கும். தாராளமாக விட்டால் அப்பளம் மாதிரி விளிம்பு நெளியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். தூக்குவது தெரிந்தால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்துச் சரிசெய்யலாம். முடியும் வரை விட்டால் பாதியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

நீள்வட்டமாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு நேர் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். அதன் நீளம், நீங்கள் விரும்பும் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவது. 70க்கு 40 செ.மீ. வேண்டுமென்றால் 30 செ.மீ. நேராக வைத்து, அதைச் சுற்றியே வளைத்துக்கொண்டு போங்கள். வழவழப்பான தரை என்றால் கால்மிதிக்கு அடியில் ரப்பர் வலை ஒன்று கட்டாயம் போடுங்கள். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதை மறக்கவே கூடாது.

நெய்த துணியில் இந்தச் சுருள் கிடையாது. ஆனால் அதற்கு வேறொரு வசதி உண்டு, கத்தரிக்கோல் இல்லாமலே நேராகக் கிழியும். பழைய படுக்கை விரிப்பின் ஓரத்தில் 1 செ.மீ. வெட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்தால் நூலின் போக்கிலேயே கோடு போட்ட மாதிரிக் கிழிந்து வரும். பஞ்சுத் தூசி பறக்கும், அதனால் வெளியே உட்கார்ந்து கிழியுங்கள். துண்டுத் துண்டுப் பட்டைகளைச் சேர்க்க முடிச்சுப் போட்டால் கால்மிதியில் உறுத்தும். அதற்குப் பதில் இரண்டு பட்டையின் நுனியிலும், விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளிச் சட்டைப் பொத்தான் துளை மாதிரி ஒரு சின்னப் பிளவு போடுங்கள். பழைய பட்டையின் நுனியைப் புதிய பட்டையின் பிளவு வழியாக நுழையுங்கள். பிறகு புதிய பட்டையின் மறுமுனையை, பழைய பட்டையின் பிளவு வழியாக முழுவதும் உருவி இழுங்கள். இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். தைக்கவும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம்.

இந்தப் பட்டைகளுக்கும் டப்பாவில் கிடக்கும் நூலுக்கும் சேர்த்து நல்ல வேலை, அட்டைத் தறி. கிழிந்த துணியையே ஊடையாக வைத்து நெய்வது ஜப்பானில் பழைய கலை, சாகிஓரி என்று பெயர். நமக்கு அட்டைப்பெட்டித் துண்டு ஒன்று போதும். 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் எடுத்து, மேலும் கீழும் 1 செ.மீ.க்கு ஒன்றாகப் பல் வெட்டி, உறுதியான பருத்தி நூலைப் பாவாகச் சுற்றுங்கள். நீளாத நூலாக இருக்க வேண்டும், கம்பளி நூல் இதற்கு ஆகாது. ஊடைக்கு எதுவும் ஓடும்: பட்டை, கம்பளி, பழைய ரிப்பன். ஒரு பாவுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று போய், சீப்பால் கீழே தட்டிக்கொள்ளுங்கள். நெய்ய நெய்ய நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்குவதுதான் எல்லோருக்கும் வரும் சிக்கல். ஊடையை நேராக இழுத்து வைப்பதால்தான் அப்படி ஆகிறது. ஒவ்வொரு வரியையும் வானவில் மாதிரி மேலே வளைத்துப் போட்டு, அப்புறம் சீப்பால் தட்டுங்கள். அந்த வளைவில் இருக்கும் கூடுதல் நீளம், பாவுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கச் சரியாக இருக்கும். டம்ளர் வைக்கிற விரிப்பு ஒரே மாலையில் முடிந்துவிடும். மிச்ச நூல் வெவ்வேறு தடிமனாக இருந்தால், ஒரு பென்சிலில் 2.5 செ.மீ. தூரத்துக்கு நெருக்கமாகச் சுற்றி எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஒரே எண்ணிக்கை வருபவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். மெல்லியதாக இருந்தால் இரண்டு இழையைச் சேர்த்து ஒன்றாக ஓட்டலாம்.

ஸ்வெட்டர் கிடைத்தால் எனக்கு உள்ளபடியே சந்தோஷம். அதை அப்படியே அவிழ்த்து நூலாக மாற்றிவிடலாம். ஆனால் எல்லா ஸ்வெட்டரும் அவிழாது. உள்பக்கத்தைத் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். இரண்டு ஓரமும் பின்னலாகவே முடிந்து, ஒரே நூலால் கோத்திருந்தால் அவிழ்க்கலாம். ஓரம் வெட்டப்பட்டு, அது பிரியாமல் மெஷினில் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையல் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனித் துண்டாகத்தான் வரும். அவிழ்க்கக்கூடியதென்றால் தையல்களைப் பொறுமையாக அறுத்து முன், பின், கை என்று பிரித்துக்கொண்டு, மேலே கழுத்துப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான ஸ்வெட்டர் அடியிலிருந்து மேல்நோக்கிப் பின்னப்பட்டதால், முடித்த முனையிலிருந்து இழுத்தால்தான் சரசரவென்று வரும். கையில் வரும் நூல் நூடுல்ஸ் மாதிரிச் சுருண்டிருக்கும். அதை நாற்காலி முதுகில் பெரிய வளையமாக, அதாவது சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, தொங்கவிடுங்கள். காய்ந்ததும் சுருள் அடங்கிவிடும். இந்த நூலில் விரல் பின்னல் போடலாம். நாலு விரலில் நூலை முன்னும் பின்னுமாகச் சுற்றி, கீழ் வளையத்தை மேல் வளையத்துக்கு மேலாக எடுத்து விரலுக்குப் பின்னால் போட்டுக்கொண்டே வந்தால் நீளமான பட்டை வளரும். பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கே வந்துவிடும்.

தப்பான துவைப்பில் சுருங்கிப்போன கம்பளி ஸ்வெட்டரை எறிந்துவிடாதீர்கள். ஆட்டு ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேரும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, செதில்கள் மாட்டிக்கொண்டு மறுபடி பிரியவே பிரியாது. அப்படிக் கெட்டிப்பட்ட துணியை எந்த வடிவில் வெட்டினாலும் ஓரம் பிரியாது. சூடான பாத்திரம் இறக்கிவைக்க, ஊசி குத்திவைக்க, மூக்குக் கண்ணாடி உறை செய்ய இதைவிட நல்ல பொருள் இல்லை. வேண்டுமென்றே சுருக்கவும் செய்யலாம்: வெந்நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கசக்கித் தேய்த்தால் போதும். மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும் கம்பளியில் செதிலை முன்பே அடக்கியிருப்பார்கள், அது அவ்வளவாகச் சுருங்காது. அக்ரிலிக் என்ன செய்தாலும் இப்படிக் கெட்டிப்படாது.

ஊசி பிடிக்கப் பயமில்லை என்றால், பழைய மெல்லிய பருத்தித் துணிகளை அடுக்கித் தைப்பது அடுத்த படி. வங்கத்தின் காந்தா இந்த வழியில் வந்ததுதான். பழைய சேலைகளை அடுக்கடுக்காகப் போட்டு, ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிப் போகும் வெறும் நூலோட்டத்தாலேயே ஒன்றாக்கிவிடுவார்கள். மூன்று அடுக்கை விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிச் சுருக்கம் எடுத்து, ஊக்குகளால் பிடித்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி ஒரு விரல் இடைவெளி போதும். நடுவிலிருந்தே தைக்கத் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தள்ளப்பட்ட துணி நடுவில் புடைத்து நிற்கும். கொஞ்சம் சுருக்கம் விழுந்தாலும் கவலைப்படாதீர்கள், அந்த அலைதான் அதற்கு அழகு. பாத்திரம் பிடிக்கும் துணிக்கு இதே வேலையை ஐந்தாறு அடுக்குப் பருத்தியில், 18 செ.மீ. சதுரமாகச் செய்து, ஓரத்தைக் காஜா தையலில் முடிக்கலாம்.

ஜீன்ஸைப் பொறுத்தவரை கால் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தைத்து மேலே பட்டை கோத்தால் பை தயார். தொடைப் பக்கத்துக் கெட்டித் தையலைக் கையால் குத்திக் கடக்க முயன்றால் ஊசிதான் உடையும், அதை ஒதுக்கியே வெட்டுங்கள். விரலுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுவந்து குத்தும் பின்தையல் போட்டால் மெஷின் தையலுக்குக் குறையாத உறுதி கிடைக்கும்.

நூல் பந்து, குஞ்சம் எல்லாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு முள்கரண்டியில் அறுபது எழுபது சுற்றுச் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் வெட்டி உருட்டிக் கத்தரித்தால் பந்து. அட்டையில் சுற்றி ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் வெட்டினால் குஞ்சம். கட்டுகிற நூல் மட்டும் அறுந்துபோகாத பருத்தியாக இருக்கட்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், பிரிந்த இழைகள் வாய்க்குப் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும் காலடியில் ஒரு குவியல் கிடக்கும்: டி-ஷர்ட்டின் தோள் பகுதி, வெட்டி எடுத்த மடிப்புகள், விரல் நீளத் துண்டுகள். அதெல்லாம் தலையணைக்கும் முதுகுத் திண்டுக்கும் உள்ளே போகும். தையலும் பொத்தானும் நீக்கிவிட்டு, 2 செ.மீ.க்கு மேல் போகாமல் பொடியாக வெட்ட வேண்டும். பெரிய துண்டாகப் போட்டால் நாளடைவில் உள்ளே கட்டி கட்டியாகத் திரண்டு உறுத்தும். பின்னலாடைத் துண்டுகள் அதிகமாகவும் ஜீன்ஸ் குறைவாகவும் இருந்தால் மெத்தென்று இருக்கும். வெறும் துணி கனமாக இருக்குமே என்றால், பழைய தலையணைப் பஞ்சைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, அவ்வப்போது விழுகிற துண்டை அதிலேயே வெட்டிப் போட்டுக்கொண்டு வந்தால், தனியாக உட்கார்ந்து வெட்ட வேண்டிய வேலையும் இல்லை.